திரும்பி நடக்கும் வேலை

கொக்குக்குக் கணக்கு வராது. அதை நம்பித்தான் ரிட்டன் அக்காவின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

குளிர் விட்டு, நாணலில் பச்சை ஏறும் நாட்களில் அந்தச் சதுப்பு நிலச் சரணாலயத்தில் பெருங்கொக்குகள் முட்டையிடும். ஏறத்தாழ ஆள் உயரம் நிற்கும் பறவை. பார்க்கத்தான் கம்பீரம், மனித நடமாட்டம் தெரிந்தால் போதும், கூட்டை விட்டு எழுந்து போய்விடும். கூட்டுக்கு எதிரே, தண்ணீருக்கு மேல் போட்ட பலகைப் பாதையின் கடைசியில், மரத்தால் ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு பெஞ்சு. கண் மட்டத்தில், கை நுழையும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு திறப்பு. அதற்கு ஆபீஸ் வைத்த பெயர் வேறு; வேலை செய்கிறவர்கள் அதைக் கூண்டு என்றுதான் சொல்வார்கள். பறவை வெளியே, மனிதன் உள்ளே. கூண்டு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஒரே ஆள் நடந்துபோய் அந்தக் கூண்டுக்குள் நுழைந்தால் கொக்கு எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். நுழைந்தவர் வெளியே வருகிறவரை கூட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதற்குள் முட்டை குளிர்ந்துவிடும். ஆனால் இரண்டு பேர் போய், ஒருவர் உள்ளே தங்கிவிட்டு, மற்றவர் திரும்பி நடந்தால் அதற்கு அது போதும். வந்தார்கள், போய்விட்டார்கள் என்று நிம்மதியாகக் கூட்டுக்கு வந்துவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த இரண்டு பேரில் திரும்பி நடக்கிறவள்தான் நம் அக்கா. ரிட்டன் அக்கா என்று பெயர் வைத்தது டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். மற்ற மாதங்களில் அவள் பார்வையாளர் கூடத்தைப் பெருக்குவாள், இரவல் கொடுக்கும் பைனாகுலர்களைத் துடைத்து அடுக்குவாள், கழிவறையில் சோப்பு தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பாள். வசந்த காலம் வந்துவிட்டால் அவள் இல்லாமல் ஒருவரும் கூண்டுக்குப் போக முடியாது. எங்கெங்கிருந்தோ வந்தவர்களை எல்லாம் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். ஆனால் கொக்கு கூட்டில் வந்து உட்காருவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் உள்ளே இருக்க வேண்டும்; உள்ளே இருந்தால் யார் திரும்பி நடப்பது?

நடக்கத்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். அவள் கணவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே வெளுத்துப்போன நீல மேல்சட்டையைத்தான் போட வேண்டும். ஓடவும் கூடாது, ஊர்ந்து போகவும் கூடாது. என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்புகிற முகத்தைக் கண்டால் பறவைக்குச் சந்தேகம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், பேசிக்கொண்டே நடக்க வேண்டும். குரல் தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போனால்தான் ஆள் போய்விட்டது என்று கொக்கு நம்பும். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவாராம். இவளுக்குப் பாட வராது. எனவே பேசினாள்.

யாரோடு? அங்கே இல்லாத கணவரோடுதான்.

அவர் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். பஸ்கள் ஓடி முடித்து வந்த பிறகுதானே அவற்றின் அடியில் படுக்க முடியும்; அதனால் அவருக்கு எப்போதும் ராத்திரி வேலை. அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் வருகிற நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்ததெல்லாம் இந்த ஷிஃப்ட் மாற்றத்துக்கு நடுவில்தான். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத குடும்பம் அது. மனதில் சேர்ந்ததை எங்காவது கொட்ட வேண்டும் அல்லவா? பலகைப் பாதையில் கொட்டினாள். மகள் கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் தொடங்கி, குளியலறை பல்பு வரைக்கும் எல்லா வழக்கும் அங்கேதான் நடந்தது. எதிர்க்கட்சி வக்கீல் இல்லாததால் எல்லாவற்றிலும் அவளுக்கே ஜெயம்.

அந்த வழக்குகளில் மிகவும் பழையது வீட்டு கேட். இரும்பு கேட், திறந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். ஊர் பஸ்ஸுக்கெல்லாம் பிரேக் பார்க்கிற மனிதருக்குத் தன் வீட்டுக் கீலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட நேரமில்லை. அவர் தூங்குகிறாரே என்று அவள்தான் கேட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, உடம்பு நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, பக்கவாட்டில் நுழைந்து வருவாள். அப்போதும் அது கத்தாமல் விடாது. நானே எண்ணெய் விடுகிறேன் என்று ஒருமுறை டப்பாவைக் கையில் எடுத்தவளை, அது என் வேலை, நீ கைவைக்காதே என்று தடுத்துவிட்டார். ஆனால் அவரும் செய்யவில்லை.

பிரேக் தூசி அவரைச் சும்மா விடவில்லை. ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டே வருகிறது என்றார்கள். பிறகு, சக்கரம் வைத்த ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டுக்கு வந்தது. அந்தக் குளிர்காலம் முடிகிற சமயத்தில் டாக்டர், இனி அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள், பிடித்த மாதிரி இருக்க விடுங்கள் என்று அவரையும் வைத்துக்கொண்டே மகளிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் தெரியாத மாதிரியே நடந்துகொண்டார்கள். அக்கா அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் கண் கலங்கவில்லை. வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், தலையணையைச் சரிசெய்தாள், அவர் கிண்டலுக்குப் பதில் கிண்டல் செய்தாள். அழுகையெல்லாம் பலகைப் பாதையில் போனது.

அவருக்குப் பிடித்தது என்னவென்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. அவர் சாப்பாட்டைக் கேட்கவில்லை, சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை.

"நீ வேலை பாக்கற எடத்த ஒரு தடவ பாக்கணும்," என்றார்.

மகள் போனிலேயே குதித்தாள். தண்ணீரும் ஈரமும் காற்றுமாக இருக்கிற இடத்துக்கு, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாத மனிதரையா கூட்டிக்கொண்டு போவது என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அக்காவுக்கு இருந்த பயம் வேறு. அவருக்கு இருமல் வரும். வந்தால் லேசில் நிற்காது. போன வருடம் உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் தொடர்ந்து தும்மியதில் கொக்கு ஜோடி கூட்டையே கைவிட்டுப் போயிருந்தது. முட்டைகள் அப்படியே கிடந்து கெட்டுப்போயின. இந்த வருடம் அந்த ஜோடி திரும்பி வந்து கூடு கட்டியதே பெரிய விஷயம். அவர் இருமினால் முட்டை போய்விடும். அதைவிட, அவர் இருமும்போது பக்கத்தில் பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

சரணாலய அதிகாரி அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த அம்மா, காலையில் காற்று இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப் போகச் சொன்னார். வேண்டுமானால் கவுண்டர்காரர் திரும்பி நடக்கட்டும், நீங்கள் அவரோடு உள்ளேயே இருங்கள் என்றும் சொன்னார். நல்ல மனசு. ஆனால் ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று கவுண்டர்காரர் திரும்பி நடந்தபோது, அவர் குரலைப் பழகாத கொக்கு வெகுநேரம் கூட்டுக்கு வராமல் எல்லோரையும் பதற வைத்திருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது அவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீயும் உள்ள உக்காந்துட்டா நான் எதப் பாக்கறது?" என்றார்.

போவதற்கு முந்தின நாள் சிலிண்டர் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, சத்தம் துளியும் இல்லை என்று உறுதியான பிறகுதான் விட்டார். எண்ணெய் டப்பாவை அவள் பார்த்தாள். அந்த எண்ணெயில் இரண்டு சொட்டு வாசலுக்குப் போனால் என்ன குறைந்துவிடும் என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

காலையில் நல்ல வெயில். தண்ணீர் அசையவில்லை. பலகைப் பாதையில் அவர் ஒரு கையால் அவள் தோளையும் மறு கையால் சிலிண்டர் வண்டியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். நடந்தார் என்று சொல்வதைவிட நின்று நின்று போனார் என்று சொல்லலாம். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். இது வாத்து, இது நீர்க்கோழி, இந்தப் பலகை வழுக்கும், பார்த்து வையுங்கள் என்று. அவர்கள் கிட்டே வந்ததும் கூட்டில் இருந்த கொக்கு எழுந்து, அவசரமில்லாமல் தண்ணீரில் நடந்து, நாணலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. வேய்ந்து வைத்த கோரைக்கு நடுவில் இரண்டு முட்டைகள் தெரிந்தன.

உள்ளே பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். இருமல் வந்தால் வாயில் வைத்துக்கொள்ள ஒரு துண்டை நாலாக மடித்துக் கையில் கொடுத்தாள். சிலிண்டரின் சன்னமான சத்தம் நாணல் சத்தத்தோடு சேர்ந்துவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. பின்னும் அவளுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. போர்வையை இன்னொருமுறை சரிசெய்தாள்.

"முட்ட ஆறிடும். போ," என்றார் அவர்.

கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். கால் மட்டும் பழக்கத்தில் தன்பாட்டுக்குப் போனது. வாயும் அப்படித்தான். பலகையில் கால் வைத்ததும் பேச்சு வந்துவிட்டது, அதுவும் என்றைக்கும் வருகிற பேச்சு.

"சொல்லுங்க. போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க. டாக்டர் சொன்னாரு, நீங்களும் தலைய ஆட்டிட்டீங்க. அந்த வீட்ல நான் ஒருத்தி என்ன பண்ணப் போறேன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா? ராத்திரி யாருக்காகக் கதவத் தாழ் போடறது? காலையில யாருக்காக எந்திரிக்கறது? எல்லாத்தையும் பாதியில போட்டுட்டுப் போற மனுசன். ஒரு கேட்டுக்கு எண்ணெய் விட முடியல உங்களால. நீங்க போயிட்டா நான்..."

அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடம் இல்லாத எதிர்க்கட்சி இன்று இருக்கிறது. கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அசையாத தண்ணீரில் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவளைத் தவிர யாருக்கு நன்றாகத் தெரியும்?

நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நின்றது ஒரு தப்பு. அடுத்து, வாழ்நாளில் செய்யாத தப்பையும் செய்தாள், திரும்பிப் பார்த்தாள்.

கூட்டை நோக்கி வந்துகொண்டிருந்த கொக்கு கழுத்தை நிமிர்த்தி நின்றுவிட்டது. இரண்டடி பின்னால் வைத்தது. முட்டைகள் வெயிலில் கிடந்தன. ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அழ வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. போனால் அந்தக் கொக்கு இன்றைக்கு வராது. ஒருவேளை இனிமேலே வராது. உள்ளேயிருந்து, துணியில் அமுங்கின மாதிரி, இருமல் சத்தம் வேறு கேட்டதோ, கேட்டதாக அவளுக்குத் தோன்றியதோ.

கூண்டின் திறப்பில் ஒரு கை வெளியே வந்தது.

விரல் நகத்தின் ஓரங்களில் இன்னும் கறுப்பு போகாத, மெக்கானிக்கின் கை. திறப்புக்கு வெளியே கையை நீட்டக் கூடாது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற விதியை மீறி அது வெளியே வந்தது. டிப்போவில் ரிவர்ஸ் எடுக்கிற டிரைவருக்குக் காட்டுவதுபோல, நிதானமாக, போ, போ, இடம் இருக்கிறது, போய்க்கொண்டே இரு என்று ஆட்டியது. பிறகு உள்ளே போய்விட்டது.

அவள் முன்பக்கம் திரும்பி நடந்தாள். பேச்சையும் நிறுத்த முடியாது; நிறுத்தினால் கொக்கு நம்பாது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், "சோப்பு வாங்கணும். கேஸ் தீரப்போகுது, சொல்லி வைக்கணும். குளியலறைக்குப் பல்பு வாங்கணும்," என்று சொல்லிக்கொண்டே கரை வரைக்கும் போனாள். பேச வேறு எதுவும் கிடைக்கவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து ஒரே பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கவுண்டர்காரர் டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. சொன்ன நேரம் வந்ததும் எழுந்து கூட்டிவரப் போனாள். உள்ளே அவர் எப்படி இருப்பாரோ என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கெட்டதே நினைவுக்கு வந்தது. கிட்டே போகும்போது கூட்டிலிருந்து கொக்கு எழுந்தது. அது எழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. எழுவதற்கு அது கூட்டில் இருந்திருக்க வேண்டும் அல்லவா.

அவர் துண்டைப் பல்லுக்கு நடுவில் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். துண்டு நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு, அத்தனை நேரம் அடக்கி வைத்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்தார். அவள் முதுகைத் தடவிவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

அவராகவே சொன்னார். விட்டு விட்டுத்தான் வந்தது பேச்சு.

"வந்து உக்காரும்போது... முட்டய மூக்கால மெதுவாப் பொரட்டி வச்சுது. அப்பறந்தான் உக்காந்துச்சு."

அவள் தலையாட்டினாள்.

"நீ கேட்டதுக்கு... என்கிட்ட பதில் இல்ல. இவ்ளோ நேரம் யோசிச்சேன். இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வீட்டு கேட்டுக்கு இருக்கு. பகல்ல தூங்கறப்ப அது கத்தும். நீ வந்துட்டன்னு தெரியும். அப்பறந்தான் எனக்கு நல்ல தூக்கமே வரும். எண்ணெய் விட்டுட்டா எப்படித் தெரியும்?"

அவள் போர்வையை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீ தனியா போறத இன்னைக்குத்தான் பாத்தேன்," என்றார். "நடுவுல ஒரு தடவ நின்ன. அப்பறம் போயிட்ட. நல்லாத்தான் நடக்கற. எனக்கு அந்த பயம் விட்டுப் போச்சு."

"பேசாம வாங்க, மூச்சு வாங்குது," என்றாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் உடைந்துபோயிருப்பாள். இரண்டு பேரும் பலகைப் பாதையில் நின்று நின்று திரும்பினார்கள். அவர் வழி நெடுக வாத்தைக் காட்டி நீர்க்கோழியா என்று கேட்டார். வேண்டுமென்றே கேட்கிறார் என்று தெரிந்தும் அவள் ஒவ்வொரு முறையும் திருத்தினாள்.

முட்டைகள் பொரிந்த செய்தி வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டும் பிழைத்துவிட்டன, பழுப்பு நிறத்தில் இருக்கின்றனவாம் என்று அவர் காதோரம் குனிந்து சொன்னாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கறுப்பு விரல்கள் மட்டும் அவள் கையை லேசாக அழுத்தின.

கோடை வெயில் முழுதாக ஏறுவதற்குள் அவர் போய்விட்டார். விடிந்து வெகுநேரம் ஆகாத ஒரு காலை. மகளும் மருமகனும் ஆகவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் போட நல்ல சட்டை ஒன்று வீட்டிலிருந்து வேண்டும் என்றார்கள். மருமகன் போகக் கிளம்பினார். எந்தச் சட்டை என்று தனக்குத்தான் தெரியும், தானே போகிறேன் என்று அக்கா எழுந்தாள். துணைக்கு வருகிறேன் என்ற மகளையும் வேண்டாம் என்றாள்.

ஆஸ்பத்திரியின் நீளமான நடைபாதையில் அவள் போனாள். ஓடவில்லை, ஊர்ந்தும் போகவில்லை. எதிரில் வந்த நர்ஸ், இந்த அம்மா யாரோடு பேசிக்கொண்டு போகிறாள் என்று நின்று பார்த்தாள். அந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுக்கலாமா, அதில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருக்கிறது, தைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரை வைத்திருந்த அறை பின்னால் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதடு மட்டும் அசையப் பேசிக்கொண்டு வந்தாள். இறங்கி, தெருவில் நடந்து, வீட்டு வாசலுக்கு வந்தாள். கேட்டில் கை வைத்ததும் பழக்கத்தில் கை தானாக அதைக் கொஞ்சம் தூக்கியது.

தூக்கியதைக் கீழே விட்டாள். பிறகு அந்த கேட்டை, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத அளவுக்கு, மெதுவாக, அது கத்தக் கத்த, கடைசிவரை திறந்தாள்.